சமையலறைக்குப் பின்னால் ஒரு சரிவு

நகராட்சியில் குப்பை லாரி ஓட்டும் ஒரே பெண் அவள்தான். சேர்ந்த புதிதில் எதிரே வரும் பஸ் டிரைவர்கள் வளைவில் வண்டியை நிறுத்தி அவளை வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். எட்டு வருடத்தில் அந்த வேடிக்கையெல்லாம் தீர்ந்து, ஊருக்கே அவள் டிரைவரம்மா ஆகிவிட்டாள்.

அது ஒரு மலை ஊர். அடியில் பஸ் நிலையமும் கடைத்தெருவும். நடுவில் வீடுகள், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. மேலே சுற்றுலா விடுதிகள். அதற்கும் மேலே காடு. காலை ஐந்தரைக்குக் காலி லாரியை உச்சிவரை ஏற்றி, அங்கிருந்து தெருத்தெருவாகக் குப்பையை அள்ளிக்கொண்டு இறங்க வேண்டும். பாரத்தோடு இறங்கும்போது பிரேக்கை நம்பக் கூடாது, இரண்டாவது கியரைத்தான் நம்ப வேண்டும் என்பது அவள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டது.

லாரியின் பின்படியில் நின்று வருபவள் எஃப்.எம். சம்பளப் பட்டியலில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது, ஆனால் அது யாருக்கும் தேவைப்படவில்லை. ஐம்பத்திரண்டு வயதிலும் நிறைந்த தொட்டியை ஒரே மூச்சில் தூக்கிக் கவிழ்ப்பாள். கவிழ்க்கும்போதும் வாய் ஓடிக்கொண்டே இருக்கும். எந்த வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள், எந்த வீட்டில் பாத்திரம் பறந்தது, யாருக்கு டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார் என்பதெல்லாம் குப்பையை வைத்தே சொல்லிவிடுவாள்.

உச்சியில் அவர்கள் முதலில் நிற்பது ஒரு பெரிய விடுதியின் வாசலில். அறுபது அறைகள் கொண்ட விடுதி. கேட்டுக்கு வெளியே ஆறு மூட்டை வைத்திருப்பார்கள். கூட்டமே இல்லாத நாளிலும் ஆறு, கார்கள் வரிசை கட்டி நிற்கும் விடுமுறை நாளிலும் ஆறு.

“அறுபது ரூமுக்கு ஆறு மூட்டை. வர்றவங்க சாப்பிடறாங்களா, இல்ல மோந்து பாத்துட்டுப் போயிடறாங்களா தங்கச்சி?” என்று எஃப்.எம். வாரம் ஒரு தடவையாவது கேட்பாள்.

டிரைவரம்மா சிரித்துவிட்டு கியரைப் போடுவாள். அந்தக் கேள்விக்குள் அவள் போகாததற்குக் காரணம் இருந்தது. அந்த விடுதியில் தலைமைச் சமையல்காரர் அவள் புருஷன்.

அவர் முன்பு வேலை பார்த்த ஓட்டல் மூடப்பட்டபோது ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தார். தினமும் காலையில் எழுந்து, குளித்து, இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, போவதற்கு இடமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். விடுதியில் வேலை கிடைத்த பிறகுதான் மறுபடியும் பல் தேய்க்கும்போது பாட்டு முணுமுணுத்தார், மகளைச் சீண்டி விளையாடினார். அந்த முணுமுணுப்பு நின்றுவிடக் கூடாது என்றுதான் அவள் ஆறு மூட்டையைப் பற்றிக் கேட்காமல் இருந்தாள். கேட்காமல் இருப்பது அவ்வளவு சுலபமாக இருந்ததே என்பது பிறகுதான் அவளை உறுத்தியது.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் போனை எடுத்துக்கொண்டு வந்து ஒரு வீடியோவைக் காட்டினாள். அன்று காலையில் எடுத்தது. பள்ளிக்கூடத்துக்கு மேலே உள்ள தார்ச்சாலையில் ஒரு கரடி. இன்னும் முழுசாக வளராத கரடி. அதன் தலை கழுத்துவரை ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கமாக நடந்து பார்த்தது. தடுப்புச் சுவரில் முட்டியது. முன்கால்களால் டப்பாவைப் பிடித்து இழுத்தது. உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, எழுந்து மறுபடியும் முட்டியது. மூச்சு விடும்போதெல்லாம் டப்பாவின் உட்புறம் ஆவி படிந்து வெளுத்தது. படம் எடுத்தவன் சிரித்துக்கொண்டே இருந்தான். கீழே யாரோ ‘நம்ம ஊர் விண்வெளி வீரர்’ என்று எழுதியிருந்தார்கள்.

“பாவம்மா. யாராவது எடுத்து விட்டுருவாங்கல்ல?” என்றாள் மகள்.

அவள் படத்தை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தாள். அது மொத்தமாக ஜாம் வரும் அகல வாய் டப்பா. அதே மாதிரி இரண்டு அவள் அடுக்களையிலேயே இருந்தன, ஒன்றில் மாவும் ஒன்றில் சர்க்கரையும். படத்தில் இருந்த டப்பாவின் பக்கவாட்டில் கறுப்பு மார்க்கரால் ஒரு தேதி எழுதியிருந்தது. எந்த டப்பாவைத் திறந்தாலும் திறந்த தேதியை அதன்மேல் எழுத வேண்டும் என்பது அவள் புருஷனின் சமையலறைச் சட்டம். யார் எழுதினாலும் அவருக்குத் திருப்தி வராது, தானேதான் எழுதுவார். ஏழு என்ற எண்ணின் குறுக்கே ஒரு கோடு இழுப்பது அவர் பழக்கம். கரடியின் தாடைக்குப் பக்கத்தில் அந்தக் கோடு தெரிந்தது.

வேலை முடிந்து வந்த அவரிடம் போனை நீட்டினாள். அவர் ஒரு தடவை பார்த்துவிட்டு, அந்த டப்பா எல்லா விடுதியிலும் இருப்பதுதான் என்று சொல்லி செருப்பைக் கழற்றப் போனார். மகள் படிக்க உள்ளே போனதும் தானாகவே அடுக்களைக்கு வந்து கதவருகே நின்றார்.

“அது என் எழுத்துதான்” என்றார்.

மற்றதையெல்லாம் தலையைக் குனிந்தபடியே சொன்னார். சமையலறைக்குப் பின்னால் ஒரு கதவு இருக்கிறது. கதவைத் திறந்தால் மலைச் சரிவு. அங்கே பலகையும் தகரமும் வைத்து ஒரு சறுக்கு செய்திருக்கிறார்கள். நகராட்சி குப்பைக்கு எடைக் கட்டணம் வைத்த மாதத்திலிருந்து, மிச்சச் சோறு, எலும்பு, முட்டை ஓடு, டப்பா, பை எல்லாம் அந்தச் சறுக்கு வழியாகக் கீழே ஓடைக்குப் போகின்றன. இரண்டு வருடமாக. கணக்குக் காட்டுவதற்காக ஆறு மூட்டை மட்டும் வாசலுக்கு வரும். தொடக்கத்தில் அவர் மேனேஜரிடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். பிடிக்கவில்லை என்றால் வேறு அடுப்பைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் சொல்லியிருக்கிறான். அதற்கு மேல் அவர் பேசவில்லை. கரடிகள் வருவதும் அவருக்குத் தெரியும். சாயங்காலம் கதவு இடுக்கில் நின்று விருந்தினர்கள் சிலர் படம்கூட எடுத்துக்கொண்டு போவார்களாம்.

“தலையில டப்பா மாட்டினா அது தண்ணிகூடக் குடிக்க முடியாதுங்க” என்றாள் அவள். “ஃபாரஸ்ட்காரங்க பள்ளிக்கூடத்துப் பக்கம் தேடிட்டு இருக்காங்க. அது பழகின இடம் உங்க ஓடை. அங்கதான் திரும்பி வரும்.”

“தெரியும்.”

“அப்ப சொல்ல வேணாமா?”

“ஒரு நாள் டைம் கொடு. நாளைக்கு மேனேஜர்கிட்ட நானே பேசறேன். ஆள் வெச்சு எல்லாத்தையும் அள்ளிட்டு, நாங்களே கூப்பிட்டுச் சொல்லிடறோம். உன் பேரு, என் பேரு எதுவும் வராது.”

அவர் முகத்தில் அந்தப் பழைய ஒன்றரை வருடம் வந்து உட்கார்ந்திருந்தது. அவள் சரி என்றாள்.

மறுநாள் காலை பள்ளிக்கூட வளைவில் வனத்துறை ஜீப் நின்றிருந்தது. வனக்காவலர் கையைக் காட்டி லாரியை நிறுத்தி, வழியில் ஏதாவது கண்ணில் பட்டதா என்று கேட்டார். முதல் நாளிலிருந்து நான்கு பேர் அந்தச் சரிவு முழுக்கத் தேடிவிட்டார்கள் என்றும், கண் எரிகிறது என்றும் சொன்னார். எஃப்.எம். பின்படியிலிருந்து தான் பார்த்த ஒவ்வொரு நாயையும் விவரமாகச் சொன்னாள். டிரைவரம்மா இன்ஜினை அணைக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று தலையாட்டினாள். அன்று முழுக்க எஃப்.எம். பேசியதில் ஒரு வார்த்தைகூட அவள் காதில் ஏறவில்லை.

சாயங்காலம் உச்சியிலிருந்து கறுப்புப் புகை எழுந்து பள்ளத்தாக்கின் மேல் படர்ந்தது. அவர் வீட்டுக்கு வந்தபோது சட்டையெல்லாம் எரிந்த பிளாஸ்டிக் நாற்றம். அள்ளச் சொன்னதற்கு மேனேஜர் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திவிட்டான் என்றார். மேலாகக் கொஞ்சம் எரிந்து, மீதி உருகி ஒட்டிக்கொண்டு கிடக்கிறதாம். வனத்துறைக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை.

அவள் சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, காலையில் தான் சொல்லிவிடப் போவதாகச் சொன்னாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டுபோய் அப்படியே மூடி வைத்தார்.

புதன்கிழமை காலை அவள் ஜீப்புக்குப் பக்கத்தில் லாரியை நிறுத்தி, கீழே இறங்கி, வனக்காவலரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். யார் எழுத்து என்பதையும் சேர்த்தே சொன்னாள். பின்படியில் இருந்த எஃப்.எம். இறங்கி வந்து கேட்டுக்கொண்டு நின்றாள். அன்றைக்குத்தான் அவள் ஒன்றும் பேசாமல் நின்றதை டிரைவரம்மா முதல்முறையாகப் பார்த்தாள்.

விடுதிக்குக் கீழே உள்ள பாதை அவளுக்குத் தெரியும் என்பதால் அவளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். வனக்காவலர், ஒரு கால்நடை டாக்டர், வலையோடு இரண்டு பேர். கால் மணி நேரம் இறங்கியதும் மண்ணே தெரியவில்லை. சாம்பலும் உருகிய பிளாஸ்டிக்கும் கருப்புப் பாறை மாதிரி இறுகிக் கிடந்தன. அதற்கடியில் எரியாதது ஆள் உயரத்துக்கு இருந்தது. ஊறிய சோறு, கோழி எலும்பு, ஷாம்பு பாக்கெட்டுகள், குளியல் தொப்பிகள், உடைந்த தட்டுகள். மரங்களின் தாழ்ந்த கிளைகளில் பிளாஸ்டிக் பைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. ஒரு மரத்தடியில் கரடி போட்ட எச்சம் கிடந்தது. டாக்டர் குச்சியால் அதைக் கிளறினார். அதற்குள்ளும் வெள்ளிக் காகிதம் மின்னியது. இந்த ஓடைதான் ஊருக்குக் குடிதண்ணீர் தரும் தொட்டியில் போய் விழுகிறது என்று வனக்காவலர் சொன்னார்.

கரடி இன்னும் கீழே, ஓடை ரோட்டுக்கு அடியில் நுழையும் சிமெண்டுக் குழாயின் வாயில் கிடந்தது. தலையைத் தண்ணீருக்குள் வைத்திருந்தது. தண்ணீர் டப்பாவின் வெளிப்பக்கத்தை நனைத்துக்கொண்டு ஓடியது. வயிறு ஒட்டி, இடுப்பு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஆட்கள் நெருங்கிய சத்தம் கேட்டு எழப் பார்த்து, முன்கால் மடங்கி விழுந்தது. அதற்கு மயக்க ஊசி போடுவதற்கே டாக்டர் யோசித்தார், தாங்குமோ தாங்காதோ என்று. பிறகு மருந்தைக் குறைத்துப் போட்டார். டப்பாவை வெட்டி எடுத்தபோது கழுத்தைச் சுற்றி மயிர் கழன்று தோல் ரத்தச் சிவப்பாக இருந்தது. உதடு வெடித்திருந்தது. அவள் ஓரமாக நின்று பார்த்தாள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் பிணத்தைத்தான் எடுத்திருப்போம் என்றார் டாக்டர், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல். நேற்றைய காலையும், தான் தலையாட்டியதும் அவள் கண்முன் வந்தன.

மூன்று நாள் வைத்திருந்து, மருந்தும் தண்ணீரும் தீனியும் கொடுத்து, காதில் மஞ்சள் அடையாள வில்லை ஒன்றைக் குத்தி, மலையின் மறுபக்கக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். டிரைவரம்மாவின் படம் லாரியோடு சேர்த்துச் செய்தித்தாளில் வந்தது. ஆஸ்பத்திரி நர்சுகள் அவளைப் பார்த்துக் கைதட்டினார்கள். விடுதிக்கு அபராதம் போட்டார்கள். மேனேஜரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். சறுக்கை இரண்டே நாளில் பிரித்துவிட்டு, பின்கதவுக்கு இரும்புத் தகடு அடித்தார்கள். சமையல்காரரை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். வீட்டு அடுப்பு அவர் கைக்கு வந்தது. அறுபது அறைக்கு அளந்த கை மூன்று பேருக்கு எப்படி அளக்கும்? தினமும் மிஞ்சியது. மகள் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கிண்ணம் கிண்ணமாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கியவர்கள், அவள் அம்மாவுக்குத்தான் ஏதோ பதவி உயர்வு என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஊரில் யாரும் அப்போது யோசிக்காத ஒன்று இருந்தது. அந்தச் சரிவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது ஒரே ஒரு கரடி இல்லை. தடங்களைப் பார்த்துக் குறைந்தது ஐந்து இருக்கும் என்று கணக்குப் போட்ட வனக்காவலர், ஒரு நாள் ரோட்டோரம் லாரியை நிறுத்திச் சொன்னார்.

“கடையைத் திடீர்னு மூடிட்டோம்மா. ரெண்டு வருஷத்து வாடிக்கை. எங்க போவாங்க? கொஞ்சம் கொஞ்சமா குறைச்சிருக்கணும். இல்ல, ஊருக்குள்ள இருக்கற தொட்டியையாவது மொதல்ல பூட்டியிருக்கணும்.”

அதற்கு முந்தைய வாரமே தொட்டிகள் கவிழ ஆரம்பித்திருந்தன. முதலில் மேல் தெருக்களில், பிறகு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால், பிறகு கடைத்தெருவில். டிரைவரம்மா சுகாதார ஆய்வாளரிடம் போய், தொட்டிகளுக்கு இரும்பு மூடியும் கொக்கியும் போட வேண்டும், பேக்கரியும் இறைச்சிக் கடைகளும் இரவே குப்பையை வெளியே வைக்கக் கூடாது என்று சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் காகிதம் இல்லாத எதற்கும் பயப்படுபவர். எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தாள். பத்து நாள் கழித்துக் கேட்டதற்கு மேலே அனுப்பியிருப்பதாகச் சொன்னார்.

“மேல அனுப்பினா கரடிதான் படிக்கும்” என்றாள் எஃப்.எம்.

அந்த வாரத்திலேயே அது நடந்தது. பேக்கரிக்குப் பின்னால் ஒரு குறுகிய சந்து. லாரி உள்ளே போகாது. எஃப்.எம். நடந்து போய்த் தொட்டியை உருட்டிக்கொண்டு வருவாள். நன்றாக விடிந்துவிட்டது. சந்தின் முனையில் லாரியை நிறுத்திவிட்டு டிரைவரம்மா பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். எஃப்.எம். பேசிக்கொண்டே போனாள். பேக்கரிக்காரன் பழைய கேக்கையெல்லாம் முதலிலேயே தந்துவிட்டால் தனக்கும் வேலை மிச்சம், அவனுக்கும் புண்ணியம் என்று ஏதோ. தொட்டி ஏற்கெனவே சாய்ந்து கிடந்தது. அவள் அதை நிமிர்த்தக் குனிந்தாள்.

தொட்டிக்குள்ளிருந்து அது வந்தது. உறுமவில்லை. தன் வழியில் நின்ற ஒன்றைத் தள்ளுவதுபோலக் கையை வீசியது. எஃப்.எம். சுவரில் மோதிச் சரிந்தாள். அது அவள்மேல் ஏறி, முகத்தை மறைத்திருந்த அவள் கையைக் கவ்வியது.

டிரைவரம்மா ஹாரனை அழுத்தியபடியே லாரியைப் பின்னுக்கு எடுத்துச் சந்துக்குள் செருகினாள். இரண்டு பக்கச் சுவரும் உராய்ந்து தகரம் கிழியும் சத்தம் எழுந்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் அது விட்டது. சுவரேறிக் கூரைமேல் தாவும்போது ஒரு கணம் திரும்பிப் பார்த்தது. காதில் மஞ்சள் வில்லை.

எஃப்.எம்.மைத் தூக்கி முன்சீட்டில் போட்டுக்கொண்டு, ஏற்றத்தில் அந்த லாரி அதுவரை போகாத வேகத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள். வழியெல்லாம் எஃப்.எம். பேசிக்கொண்டே வந்தாள். என்ன பேசினாள் என்று இரண்டு பேருக்குமே பிறகு நினைவில்லை. பேச்சு நின்றுவிடக் கூடாது என்று மட்டும் டிரைவரம்மா கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.

உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். தலையில் பதினெட்டுத் தையல். வலது முன்கையின் எலும்பு இரண்டு இடத்தில் நொறுங்கி, நரம்பும் போயிருந்தது. கை இருக்கும், ஆனால் விரல்களால் எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது.

வராந்தாவில் எஃப்.எம்.மின் மகன் நின்றிருந்தான். எலக்ட்ரீஷியன், வேலைப் பெல்ட்டோடு அப்படியே ஓடி வந்திருந்தான். அதுவரை டிரைவரம்மாவைச் சித்தி என்றுதான் கூப்பிடுவான். அன்று எந்த முறையும் சொல்லவில்லை.

“உங்க வீட்டுக்காரர் அங்க தீனி போட்டு வளத்தாரு. நீங்க கதவை மூடி ஊருக்குள்ள அனுப்பிட்டீங்க. நடுவுல எங்கம்மா மாட்டிக்கிட்டாங்க” என்றான். குரலை உயர்த்தாமல்தான் சொன்னான்.

அவள் சொல்லாமலே இருந்திருந்தால் அந்தக் கரடி ஓடையிலேயே செத்திருக்கும், எஃப்.எம். இன்று தொட்டி தூக்கியிருப்பாள். ஒரு நாள் முன்னால் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தும் யோசித்தாள். சரியானதைத்தான் செய்தோம் என்று நினைக்கப் பார்த்தால், நொறுங்கிய கை குறுக்கே வந்தது.

உள்ளே எஃப்.எம். கட்டுக்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தாள்.

“மூஞ்சிய தொங்கப் போடாத தங்கச்சி. காதுல மஞ்சக் கம்மல் போட்டுட்டு வந்துச்சு பாத்தியா? விசேஷத்துக்கு வந்த மாதிரி.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “அவன் சொன்னது எனக்கும் கேட்டுச்சு. சின்னப் பையன், பயந்துட்டான். ஆனா நீ லெட்டர் எழுதினேல்ல, அது எந்த மேசையில தூங்குதுன்னு கண்டுபிடி. அதைக் கேக்காம விட்டேன்னா நானும் உன்கிட்டப் பேச மாட்டேன்.”

எஃப்.எம். பேச மாட்டேன் என்று மிரட்டுவது சாதாரண விஷயம் இல்லை.

இரண்டு நாள் கழித்து நகராட்சிக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். உட்கார இடமில்லை. சுட வேண்டும் என்றார்கள், எல்லாவற்றையும் சுட வேண்டும் என்றார்கள். விடுதிக்காரர்களில் ஒருவர் எழுந்து, கரடிக்குப் பாவம் பார்த்துப் பத்திரிகையில் படம் போட்டுக்கொண்டவர்கள் இப்போது என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். கூட்டம் திரும்பி அவளைப் பார்த்தது. அவளுக்கு மேடைப் பேச்சு வராது. எழுந்து நின்று, தான் கொடுத்த கடிதத்தின் நகலைப் படித்தாள். தேதியையும் படித்தாள். நாற்பத்தொரு தொட்டிகளுக்கு மூடி இல்லை என்று தெருவாரியாகச் சொன்னாள்.

“நான் சொன்னது தப்புன்னா என்னைத் திட்டுங்க. ஆனா இருக்கற கரடிய சுட்டுட்டாலும் தொட்டி தெறந்துதான் கெடக்கும். அடுத்தது வரும். அன்னைக்கு யாரோட அம்மா போறாங்கன்னு யாருக்கும் தெரியாது.”

யாரும் கைதட்டவில்லை. கடைசி வரிசையில் நின்ற எஃப்.எம்.மின் மகன், மூடிக்குக் கொக்கி அடிக்கத் தன் கடை ஆட்கள் இரண்டு பேர் வருவார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனான். சுகாதார ஆய்வாளர் தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். ஒரு வாரத்தில் எல்லாத் தொட்டிக்கும் மூடி வந்தது. இத்தனை நாளாக முடியாதது ஒரு வாரத்தில் முடிந்ததே என்பது அவளுக்குச் சந்தோஷம் தரவில்லை.

மஞ்சள் வில்லைக் கரடி, கூட்டம் நடந்த நான்காவது நாள், பேக்கரிக்குப் பின்னால் வைத்த கூண்டில் தானாகவே வந்து மாட்டிக்கொண்டது. வன அலுவலகத்தில் வைத்திருந்தபோது அவள் போய்ப் பார்த்தாள். கழுத்தில் மயிர் மறுபடி முளைத்திருந்தது. ஆள் வந்ததும் அது பின்வாங்கவில்லை. கம்பிக்குப் பக்கத்தில் வந்து அவள் முகத்தைப் பார்க்காமல் கைகளைப் பார்த்தது, எதையாவது கொண்டுவந்திருக்கிறாளா என்று. இனி இதைக் காட்டில் விட முடியாது, சுடாமல் காப்பாற்றியதே பெரிய பாடு, தூரத்தில் ஒரு மிருகக் காப்பகத்துக்கு அனுப்புகிறோம், ஆயுசு முழுக்க அங்கேதான் என்றார் வனக்காவலர். அவள் வெறும் கையோடு வீட்டுக்கு வந்தாள்.

எஃப்.எம்.முக்குக் குப்பைக் கிடங்கில் மேற்பார்வை வேலை கொடுத்தார்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலை. அங்கே இருந்தவர்கள் இரண்டே நாளில் காது வலிக்கிறது என்று புகார் சொன்னார்கள்.

ஓடைச் சரிவை யார் சுத்தம் செய்வது என்று வனத்துறையும் நகராட்சியும் ஒரு மாதம் மாறி மாறிக் கைகாட்டின. கடைசியில் தினக்கூலிக்கு ஆள் எடுத்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்க வேண்டிய அந்த வேலைக்கு முதலில் பெயர் கொடுத்தவர் சமையல்காரர். அவளிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போக அவள் லாரியைக் கொண்டுபோய் நிறுத்தியபோது, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கீழே நின்ற எட்டுப் பேரில் அவரும் இருந்தார்.

பத்தாவது நாள் மதியம், எல்லோரும் சாப்பிட மேலே ஏறியபோது, அவர் லாரியின் படியில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையை எத்தனை தேய்த்துக் கழுவியும் நாற்றம் போகவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“நான் கேட்டேன்னு நீ ஏன் அந்த ஒரு நாளைக் கொடுத்த?”

“உங்க வேலை போயிடும்னுதான் கொடுத்தேன்னு நெனச்சுட்டு இருந்தேன்” என்றாள். “அது மட்டும் இல்லீங்க. தெரியாத மாதிரி இருந்தே ரெண்டு வருஷம் பழகிட்டேன். இன்னும் ஒரு நாள் அப்படியே இருந்துக்கலாம்னு இருந்துச்சு.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். தனக்கும் அப்படித்தான் என்று சொல்லவில்லை, ஆனால் அவளுக்குக் கேட்டது.

மேகம் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. பெருமழை தொடங்கினால் மிச்சமெல்லாம் ஓடையில் இறங்கிக் குடிதண்ணீர்த் தொட்டிக்குப் போய்விடும். பாதிகூட இன்னும் முடியவில்லை. இன்னும் எத்தனை நாள் கிடைக்கும் என்று வனக்காவலரிடம் கேட்டதற்கு, பத்து நாள் கிடைத்தால் நம் நல்ல நேரம் என்று சொன்னாராம். சமையல்காரர் எழுந்து கையுறையை மாட்டிக்கொண்டு, மற்றவர்கள் சாப்பிட்டு முடிப்பதற்கு முன்பே காலி மூட்டைகளோடு சரிவில் இறங்கினார். அவள் லாரியின் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, தானும் இரண்டு மூட்டைகளை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் இறங்கினாள்.